முள்ளெலும்பை எண்ணுவது ஒன்று, பெயர் வைப்பது வேறொன்று

கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 4. கூட்டினால் 33. மனித முதுகெலும்பின் வழக்கமான கணக்கு இது. வாலெலும்பில் மட்டும் ஒன்று கூடும், குறையும். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

கருவில் உடலமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் என்றதும், உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்த பழ ஈயின் படத்தைத்தான் எல்லோரும் போடுவார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் "கால் மரபணு", "இறக்கை மரபணு" என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த மரபணுக்கள் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்று பிரித்துப் பார்க்க முதுகெலும்பே நல்ல இடம். இங்கே இரண்டு கேள்விகள் உண்டு. எத்தனை துண்டு? எந்தத் துண்டு எது? முதல் கேள்விக்கு ஒரு கடிகாரம் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு ஹாக்ஸ் மரபணுக்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், கையில் இருக்கும் எலும்புக்கூட்டைத் தப்பாகப் படிப்போம்.

முதலில் கடிகாரம்.

மனிதக் கருவில் ஏறத்தாழ 20-ஆம் நாளில், நடுவில் ஓடும் நரம்புத் தண்டுக்கு இருபுறமும் சோமைட் என்ற சிறு திசுக்கட்டிகள் சோடி சோடியாகப் பிரியத் தொடங்குகின்றன. தலைப்பக்கம் முதல் சோடி, பிறகு ஒவ்வொன்றாகப் பின்னோக்கி. ஐந்தாம் வாரம் முடிவதற்குள் 42 முதல் 44 சோடிகள் ஆகிவிடும். முள்ளெலும்பும் விலா எலும்பும் முதுகுத் தசையும் இவற்றிலிருந்து வருபவை. இந்தக் கட்டிகள் மணி அடித்தாற்போல ஒழுங்கான இடைவெளியில் பிரிகின்றன: வரிக்குதிரை மீனில் 30 நிமிடத்துக்கு ஒன்று, கோழியில் 90 நிமிடம், எலியில் 2 மணி நேரம், மனிதனில் ஏறத்தாழ 5 மணி நேரம்.

அந்தக் கடிகாரத்தை 1997-ல் ஒலிவியே பூர்கியேயின் குழு கோழிக் கருவில் கண்டுபிடித்தது. வால் பக்கம் இன்னும் பிரியாமல் கிடக்கும் திசுவில் ஒரு மரபணு விளக்குப் போல எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து கொண்டிருந்தது; ஒரு சுற்றுக்கு 90 நிமிடம். எலியிலும் மனிதனிலும் இந்த வேலையில் நடுநாயகம் ஹெஸ்-7 என்ற மரபணு. பொறிமுறை எளிது. ஹெஸ்-7 புரதம் தன்னைத் தந்த மரபணுவையே போய் அணைக்கும். மரபணு அணைந்தால் புதுப் புரதம் வராது. இருந்த புரதம் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அணைக்க ஆள் இல்லாததால் மரபணு மறுபடி எரியும்.

இங்கே முக்கியம், தாமதம். மரபணு எரிவதற்கும் புரதம் தயாராகித் திரும்பி வருவதற்கும் இடையில் நேரம் பிடிக்காவிட்டால் ஊசலாட்டம் நடக்காது. மரபணு பாதி எரிந்த நிலையில் அசையாமல் நின்றுவிடும். அந்தத் தாமதத்தில் பெரும் பங்கு இன்ட்ரான்களால் வருகிறது. ஆர்என்ஏ நகலிலிருந்து வெட்டி எறியப்படும், "வேண்டாத துண்டு" என்று பலரும் சொல்லும் அதே இன்ட்ரான்கள். 2011-ல் எலியின் ஹெஸ்-7 மரபணுவிலிருந்து இன்ட்ரான்களை முழுவதும் நீக்கிப் பார்த்தார்கள். வெளிப்பாடு ஏறத்தாழ 19 நிமிடம் முந்திக்கொண்டது, ஊசலாட்டம் நின்றது, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2013-ல் சில இன்ட்ரான்களை மட்டும் குறைத்தபோது நின்றுபோகவில்லை. கடிகாரம் வேகமாக ஓடியது. கழுத்திலும் மேல்மார்பிலும் துண்டுகள் கூடின. எண்ணிக்கை என்பது வேகத்தின் விளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பாம்பும் இதே கணக்குதான். சோளப் பாம்பில் 300-க்கு மேல் சோமைட்டுகள். 2008-ல் வெளியான ஒப்பீட்டின்படி, திசு வளரும் வேகத்தோடு வைத்துப் பார்த்தால் பாம்பின் கடிகாரம் எலியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம். ஒரே நீளத் திசுவைக் குட்டி குட்டியாக நறுக்குகிறது, அவ்வளவுதான். ஒட்டகச்சிவிங்கி நேர் எதிர்: கழுத்தில் நமக்கு இருப்பது போலவே 7 எலும்புதான், நீளம் எல்லாம் பிறகு ஒவ்வொரு எலும்பும் வளர்ந்ததால் வந்தது.

கடிகாரம் கெட்டால் என்ன ஆகும்? எண்ணிக்கை மாறுவதோடு நிற்பது அபூர்வம். எல்லைகளே குழம்பிவிடும்: அரை முள்ளெலும்பு, ஆப்பு வடிவ எலும்பு, ஒட்டிப்போன விலாக்கள். ஹெஸ்-7, டிஎல்எல்-3, மெஸ்ப்-2, எல்எஃப்என்ஜி ஆகிய மரபணுக்களின் இரண்டு பிரதிகளும் பழுதானால் முதுகெலும்பும் விலாக்களும் சேர்ந்து சீர்குலையும் பிறவிக் குறைபாடு வருகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, எலியில் ஒரு பிரதி பழுதோடு, சோமைட் பிரியும் நேரத்தில் தாய்க்குச் சில மணி நேரம் ஆக்சிஜனைக் குறைத்தால் குறைபாடு அதிகமாகிறது. தனித்தனியாகத் தாங்கக்கூடிய இரண்டு சேர்ந்தால் தாங்க முடிவதில்லை. பிறவி முதுகு வளைவுள்ள சீன நோயாளிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடம் டிபிஎக்ஸ்-6 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்தும், மறு பிரதி மந்தமான வகையாகவும் இருந்ததை 2015-ல் காட்டினார்கள். அதுவும் "பாதி கெட்டது, மீதியும் கொஞ்சம் பலவீனம்" என்ற கணக்குதான்.

இனி பெயர் வைப்பவர்கள்.

சோமைட்டுகள் பிரியும்போது பார்த்தால் ஒன்றுக்கொன்று வேறுபாடே தெரியாது. பத்தாவதும் முப்பதாவதும் ஒரே அச்சு. ஆனால் ஒன்று விலா எலும்பு தரும், இன்னொன்று தராது. இதை முடிவுசெய்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். பழ ஈயில் 8 உண்டு. எட்வர்ட் லூயிஸ் 1978-ல் காட்டியபடி, குரோமோசோமில் அவை அடுக்கப்பட்டிருக்கும் வரிசையும் உடலில் அவை வேலை செய்யும் இடங்களின் வரிசையும் ஒன்றே. 1995 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு. மனிதனுக்கு 39, நான்கு கொத்துகளில்: 7-ஆம் குரோமோசோமில் ஏ, 17-ல் பி, 12-ல் சி, 2-ல் டி. கொத்துக்குள் இடத்தை வைத்து 1 முதல் 13 வரை எண். எந்தக் கொத்திலும் 13 எண்களும் முழுதாக இல்லை. ஏ-யில் 11, பி-யில் 10, சி-யிலும் டி-யிலும் ஒன்பது ஒன்பது.

எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது 180 எழுத்து நீளமுள்ள ஹோமியோபாக்ஸ் என்ற பகுதி. அது தரும் 60 அமினோ அமிலத் துண்டுதான் டிஎன்ஏ-வைப் பிடிக்கும் கை. அந்தக் கை தேடுவது பெரும்பாலும் டிஏஏடி என்ற நான்கு எழுத்துகளை. மரபணுத்தொகுதியில் இந்த நான்கு எழுத்து கோடிக்கணக்கில் கிடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஹாக்ஸ் புரதம் தனியாகப் போய் ஓர் எலும்பைக் "கட்டுவதில்லை". துணைப் புரதங்களோடு சேர்ந்து, அந்தச் செல்லில் ஏற்கெனவே திறந்திருக்கும் சுவிட்சுகளைத்தான் போடும் அல்லது அணைக்கும். "விலா எலும்பு மரபணு" என்று ஒன்றும் கிடையாது. விலா எலும்பு தரும் வழியை ஓரிடத்தில் தடுக்கும் மரபணு உண்டு.

அந்தத் தடுப்பவர் ஹாக்ஸ்-10 வகை. இடுப்பில் விலா இல்லாததற்குக் காரணம் அவர்கள்தான். இதை உறுதிசெய்ய ஏன் 2003 வரை ஆயிற்று என்பதில் ஒரு நல்ல பாடம் உண்டு. ஹாக்ஸ்-10 வகையில் மூன்று மரபணுக்கள்: ஏ10, சி10, டி10. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். ஆறு பிரதிகளில் ஐந்தை எடுத்தாலும் மீதி ஒன்று பெருமளவு சமாளித்துவிடும். ஆறும் போனால்தான் உண்மை வெளியே வரும். மூன்றும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால், மூன்றிலும் ஒவ்வொரு பிரதி பழுதான பெற்றோரைச் சேர்த்தால் ஆறும் பழுதான குட்டி கிடைக்க வாய்ப்பு நான்கில் ஒன்று, மும்முறை பெருக்கினால் 64-ல் ஒன்று. ஈற்றுக்கு எட்டுக் குட்டி என்றால், சராசரியாக எட்டு ஈற்றில் ஒரு குட்டி. இன்னும் கூடுதல் பழுதுள்ள பெற்றோரை வைத்து வாய்ப்பை உயர்த்தலாமே என்று தோன்றும். ஆனால் எடுத்துக்காட்டாக, இதேபோல மூன்று மரபணுக்கள் கொண்ட அடுத்த வகையான ஹாக்ஸ்-11-ல், ஏ11-இன் இரண்டு பிரதியும் போன எலிகள் ஆணும் பெண்ணும் மலடு. குறுக்குவழி அங்கேயே அடைபடுகிறது.

டெனீஸ் வெல்லிக், மரியோ கபெக்கி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் குட்டிகளைப் பெற்றார்கள். ஹாக்ஸ்-10 ஆறும் போனபோது விலாக்கள் மார்போடு நிற்காமல் இடுப்பு முழுவதும், திருவெலும்பையும் தாண்டி நீண்டன. ஹாக்ஸ்-11 ஆறும் போனபோது திருவெலும்பு உருவாகவேயில்லை. அந்த இடத்து எலும்புகள் இடுப்பெலும்பின் சாயலைக் கொண்டன. மொத்த எண்ணிக்கையில் பிரச்சினை இல்லை. பெயர்தான் மாறியது. மாற்றம் பெரும்பாலும் முன்னோக்கியே இருப்பதைக் கவனியுங்கள்: பின்பக்கத்து ஹாக்ஸ் போனால், அதற்கு முந்தைய பகுதியின் தன்மை வந்து உட்காரும். ஒரே செல்லில் இரண்டு ஹாக்ஸ் இருந்தால் பின்பக்கத்து எண் கொண்டதன் பேச்சுதான் எடுபடும் என்ற பொதுவிதியின் மறுபக்கம் இது.

மனிதனில் ஒரு ஹாக்ஸ் மரபணு பழுதானவர்களுக்கு முதுகெலும்பு பெரும்பாலும் சரியாகவே இருப்பதும் இதனால்தான். எடுத்துக்காட்டு ஹாக்ஸ்-டி13. அந்தப் புரதத்தில் 15 அலனின் வரிசையாக வரும். அது 7 அல்லது அதற்கு மேல் கூடிவிட்டால் விரல்கள் ஒட்டியும் கூடுதலாகவும் பிறக்கும். கைவிரலில் ஈடுகட்ட ஆள் குறைவு, முதுகில் அதிகம்.

எப்போது முடிவாகிறது என்பதும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. சோமைட் பிரிந்த பிறகு பெயர் ஒட்டப்படும் என்றுதான் தோன்றும். 2005-ல் வெளியான சோதனையில், ஹாக்ஸ்-ஏ10-ஐப் பிரிந்த சோமைட்டில் மட்டும் திணித்தபோது விலாக்கள் முழுதாக மறையவில்லை. பிரிவதற்கு முந்தைய திசுவிலேயே திணித்தபோது விலாவே இல்லாத எலி பிறந்தது. ஆகப் பெயர், வெட்டுமுன்னே எழுதப்பட்டுவிடுகிறது. கொத்துக்குள் 1 முதல் 13 வரை ஹாக்ஸ் மரபணுக்கள் நேர வரிசையிலும் ஒவ்வொன்றாகத் திறப்பதால், ஒரு சோமைட் எப்போது பிரிகிறதோ அப்போது திறந்திருக்கும் வரை உள்ளவை அதன் முகவரியாகின்றன. கடிகாரமும் பெயர் வைப்பதும் வெவ்வேறு இயந்திரங்கள்தான்; ஆனால் இரண்டும் ஒரே திசுவில், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. குழப்பம் வருவதற்குக் காரணமே அதுதான்.

அப்படியானால் பாம்புக்கு ஹாக்ஸ்-10 இல்லையா? இருக்கிறது. விலா உள்ள பகுதியிலேயே வேலையும் செய்கிறது. ஆனால் அது போய்ப் பிடிக்க வேண்டிய டிஎன்ஏ சுவிட்சில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் பிடி நழுவுகிறது. 2013-ல் இது வந்தபோது "பாம்பின் ஹாக்ஸ் கெட்டுவிட்டது" என்ற பழைய விளக்கம் கிட்டத்தட்ட ஓய்ந்தது. ஆணை பிறப்பிப்பவர் சரி. கேட்பவரின் காதுதான் மாறியிருக்கிறது.

எலும்புக்கூட்டைச் சாயமேற்றிப் படிப்பது

இந்தத் துறையில் எல்லா வாதமும் கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கும் நீல-சிவப்பு எலிக்குட்டியில்தான் முடிகிறது. குருத்தெலும்புக்கு அல்சியன் நீலம், எலும்புக்கு அலிசரின் சிவப்பு. 18.5 நாள் கருவுக்கோ பிறந்த நாள் குட்டிக்கோ இது பொருந்தும். 14 நாள் கருவென்றால் நீலம் மட்டும் போதும். சிவப்பேற எலும்பு அதிகம் இருக்காது.

உயிரற்ற குட்டியை ஏறத்தாழ 65 டிகிரி நீரில் அரை நிமிடம் வைத்தால் தோல் சுலபமாக உரியும். தோலையும் உள்ளுறுப்புகளையும் தோள்களுக்கு நடுவே உள்ள கொழுப்பையும் எடுத்துவிட வேண்டும். 95 விழுக்காடு எத்தனாலில் ஒரு நாளுக்குக் குறையாமல். பிறகு அசிட்டோனில் ஒரு நாள். பிறகு 80 பங்கு எத்தனால், 20 பங்கு அசெட்டிக் அமிலம் கலந்த கரைசலில் 0.03 விழுக்காடு அல்சியன் நீலம், ஒரு நாள். எத்தனாலில் இரண்டு முறை கழுவி, 1 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் முதுகெலும்பு கண்ணுக்குத் தெரியும் வரை. அதே ஹைட்ராக்சைடில் 0.005 விழுக்காடு அலிசரின், ஓர் இரவு. கடைசியாக ஹைட்ராக்சைடோடு 20 விழுக்காடு கிளிசரால், பிறகு 50, 80. சேமிக்க முழுக் கிளிசரால்.

தவறுகள் எல்லாம் பொறுமை இல்லாததாலோ பொறுமை அதிகமானதாலோ வருபவை. அசிட்டோன் படியை விட்டுவிட்டால் கொழுப்பு சாயத்தைப் பிடித்து எல்லாமே ஊதா மங்கலாகும். நீலச் சாயத்தில் இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டால், அதிலுள்ள அமிலம் எலும்பின் கால்சியத்தைக் கரைத்துவிடும். பிறகு சிவப்பு ஏறாது, "எலும்பாக மாறுவதில் தாமதம்" என்று இல்லாத நோயை எழுதுவீர்கள். பழைய அல்சியன் கரைசலை வடிகட்டாமல் ஊற்றினால் எங்கும் நீலப் புள்ளி. எல்லாவற்றிலும் மோசம் ஹைட்ராக்சைடில் அதிக நேரம். திசு கரைந்து எலும்புகள் உதிரும். முதலில் உதிர்வது கடைசி விலாவின் சிறு துண்டு. நீங்கள் எண்ண வந்ததே அதைத்தான்.

இனி எண்ணுவது. எலிக்கு 7 கழுத்து, 13 மார்பு, பெரும்பாலும் 6 இடுப்பு, 4 திருவெலும்பு. சில எலி வகைகளில் இடுப்பு 5 என்பதும் இயல்பு, ஆகையால் ஒப்பீட்டுக்கு அதே ஈற்றுக் குட்டிகளைத்தான் வைக்க வேண்டும். புத்தகத்து எண்ணை அல்ல. இரண்டாம் கழுத்தெலும்பைப் பல் போன்ற முளையாலும், ஆறாவதைக் கீழ்நோக்கிய புடைப்பாலும், இரண்டாம் மார்பு முள்ளெலும்பை அதன் நீண்ட முள்ளாலும் அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்து மார்புத் தட்டோடு சேரும் விலாக்கள் 7. இடம், வலம் இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறியிருப்பது மிகச் சாதாரணம். தட்டை வெட்டி எடுப்பதற்குமுன் படம் எடுத்துவிடுங்கள்.

14 விலா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 மார்பு, 5 இடுப்பு என்றால் திருவெலும்புக்கு முன் மொத்தம் 26 மாறவில்லை. முதல் இடுப்பெலும்பு மார்பெலும்பின் வேடம் போட்டிருக்கிறது. ஹாக்ஸ்-சி8 பழுதான எலியில் 1992-ல் கண்டது இந்த வகைதான். அதில் எட்டாவது விலாவும் மார்புத் தட்டோடு சேர்ந்திருந்தது. 14 மார்பு, 6 இடுப்பு என்றால் மொத்தம் 27. உடனே "கடிகாரம் வேகமாகிவிட்டது" என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். திருவெலும்பே ஒரு படி பின்னால் தள்ளிப்போயிருந்தாலும் 27 வரும். ஜிடிஎஃப்-11 மரபணு இல்லாத எலிகளுக்கு 17, 18 விலா வருவதும், பின்னங்கால் பின்னுக்குப் போவதும் இப்படித்தான்: உடலிலிருந்து வாலுக்கு மாறும் கட்டளை தாமதமாகிறது. பிரித்தறிய வழி, வாலின் எலும்புகளையும் சேர்த்து எண்ணுவது. அல்லது கருவிலேயே, பின்னங்கால் மொட்டு எந்தச் சோமைட்டுக்கு நேரே இருக்கிறது என்று பார்ப்பது.

மனிதரில் இதே பிழை அறுவை அரங்கில் நடக்கும். கடைசி இடுப்பெலும்பு திருவெலும்போடு ஒட்டியிருப்பதும், முதல் திருவெலும்பு கழன்று ஆறாவது இடுப்பெலும்பாக நிற்பதும் அரிதல்ல. இடுப்பின் படத்தை மட்டும் வைத்துக் கீழிருந்து எண்ணினால், மருத்துவர் நான்காவது என்பது ஐந்தாவதாக இருக்கலாம், தவறான இடைத்தட்டில் கத்தி போகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் முழு முதுகின் படம் எடுத்து, இரண்டாம் கழுத்தெலும்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணச் சொல்கிறார்கள். கடைசி விலாவை நம்பி எண்ணுவதும் ஆபத்து. 11 அல்லது 13 சோடி விலா உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

மேல் முனையில் வரும் மாற்றம் கழுத்து விலா: ஏழாம் கழுத்தெலும்பில் சின்ன விலா முளைப்பது. வளர்ந்தவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும்; பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது, சிலருக்குக் கைக்குப் போகும் நரம்பையும் இரத்தக்குழாயையும் நெருக்கும். ஆனால் இறந்து பிறந்த சிசுக்களில் இது பன்மடங்கு அதிகம் காணப்படுகிறது. விலா அவர்களைக் கொல்லவில்லை. அந்த நேரத்தில் கருவின் அமைப்பைக் குலைத்த ஏதோ ஒன்று இதயத்தையும் மற்ற உறுப்புகளையும் சேர்த்துக் குலைத்திருக்கிறது. விலா அதன் தடயம். வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலம் ஹாக்ஸ் மரபணுக்களை நேரடியாகத் திறக்கக்கூடியது. கர்ப்பமான எலிக்கு அதைக் கொடுக்கும் நாளைப் பொறுத்து முள்ளெலும்புகளின் பெயர் முன்னோக்கியோ பின்னோக்கியோ நகர்கிறது. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கர்ப்பத்தில் தொடவே கூடாது என்பது இந்தக் குடும்பத்து வேதிப்பொருள் என்பதால்.

பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் கழுத்தில் 7 என்ற விதிக்கு விலக்கு இரண்டுதான்: மானட்டி என்ற கடற்பசு வகைக்கு 6, தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லாத்துக்கு வகையைப் பொறுத்து 5 முதல் 10 வரை. மூன்று விரல் ஸ்லாத்தின் எட்டாவது, ஒன்பதாவது "கழுத்தெலும்புகள்" நிஜமாகவே கழுத்தா, விலா முளைக்காத மார்பா? வெளித்தோற்றம் பதில் சொல்லாது. 2010-ல் ஓர் ஆய்வு இதை எலும்பாகும் வரிசையை வைத்துப் பார்த்தது. பாலூட்டிகளில் மார்பெலும்புகளின் உடல்பகுதி, கடைசிக் கழுத்தெலும்புகளைவிட முன்னதாக எலும்பாகும். ஸ்லாத்தின் எட்டாவதும் ஒன்பதாவதும் ஏழாவதை முந்திக்கொண்டு மார்பெலும்புகளோடு சேர்ந்தே எலும்பாயின. அதாவது, விலா முளைக்காத மார்பு.